கருப்பு நூலுக்குள் போகாத வெளிச்சம்

இன்று காலை பார்லரின் திரைச்சீலையைத் துவைப்பதற்காகக் கழற்றினேன். மடிப்புக்குள் கையை விட்டதும் சுருக்கென்று குத்தியது. ஊசி என்றுதான் முதலில் நினைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நீ கட்டிய தூண்டில் முள் ஒன்று. மிளகளவு ஈயத் தலை, அதன் பின்னால் ஒரு சிட்டிகை வெள்ளாட்டு வால் முடி, இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் சிவப்பு நூல்.

விரலில் துளிர்த்த ரத்தத்தைத் துடைக்கத் தோன்றவில்லை. அந்த நூலின்மேல் இருந்த பூச்சைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பளபளப்பு போகவில்லை. மஞ்சளும் ஏறவில்லை. நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழவில்லை. எந்தப் பூச்சு இது? நாலாவதா, ஏழாவதா? எண் எழுதிய சீட்டு எங்கேயோ விழுந்துவிட்டிருக்கிறது. நீயாக இருந்தால் முகர்ந்து பார்த்தே சொல்லியிருப்பாய். நீ போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருடம். உன்னிடம் கேட்க வேண்டியது மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. அதனால்தான் இன்று கடையைத் திறந்தும் வேலையை ஆரம்பிக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் நம் இரண்டு கடைகளுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் உன் கால்நடை மருந்துக் கடை, இந்தப் பக்கம் என் பியூட்டி பார்லர். ஒன்றரை வருடம் அப்படி இருந்தும் "சாப்டாச்சா?" என்பதற்கு மேல் நாம் பேசியதில்லை. ஆட்டுக்குப் பூச்சி மருந்து வாங்க வந்தவர்கள் சில நேரம் கதவு மாறி என் கடைக்குள் வந்து, கண்ணாடியில் தங்களைப் பார்த்துத் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். நமக்குள் இருந்த போக்குவரத்து அவ்வளவுதான்.

ஒரு மதியம் நீயே வந்தாய்.

"நெய்ல் பாலிஷ் ஒண்ணு வேணுங்க."

"உக்காருங்க. என்ன கலர் பாக்குறீங்க?"

"கலர் முக்கியமில்லீங்க. கலரே இல்லாட்டி இன்னும் நல்லது. தண்ணிக்குள்ள எத்தனை நாள் தாங்கும்?"

பாத்திரம் துலக்குகிற கையைச் சொல்கிறாய் என்று நினைத்து, கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்து என் மேசைமேல் கவிழ்த்தாய். தூண்டில் முட்கள். சிலவற்றில் முடி, சிலவற்றில் கோழி இறகு. ஒன்றில் மட்டும் எதுவும் இல்லை, வெறும் ஈயம்.

"இதுக்குப் பேரு ஜிக்கு. தண்ணிக்குள்ள வெட்டி வெட்டி இழுத்தா சின்ன மீன் ஓடுற மாதிரி இருக்கும். பெரிய மீன் ஏமாந்து கவ்வும். நாகூர்ல ஆறு கடல்ல சேர்ற எடத்துல ஒரு கொடுவா புடிச்சுதுங்க. கம்பு வில்லா வளைஞ்சுபோச்சு. அப்புறம் பாத்தா சர்ருனு லேசாயிடுச்சு. மீனும் இல்ல, கட்டின முடியும் இல்ல. நூலு அப்படியே உருவிக்கிட்டுப் போயிருக்கு. நான் போட்ட முடிச்சு தப்பில்ல. முடிச்சுக்கு மேல பூசினதுதான் தப்பு."

மீன் போன கதையை இவ்வளவு பொறுமையாக, எங்கே தப்பு நடந்தது என்பதை மட்டும் சொன்ன ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உன் கணவர் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது வாங்கிய தூண்டில் கம்பு அது என்று பிறகு சொன்னாய். இரண்டு முறை நம்மூர்ப் புது ஆற்றங்கரைக்குப் போய் ஒன்றும் மாட்டாமல், கதவுக்குப் பின்னால் சாய்த்துவைத்துவிட்டு அவர் சிங்கப்பூருக்கே திரும்பிவிட்டார். "கதவ தொறக்குறப்பல்லாம் தலையில விழுந்துச்சு. சரி, இது என்னதான் செய்யும்னு எடுத்துப் பாத்தேன்" என்றாய். எடுத்துப் பார்த்தவள், கடையில் வாங்கிய ஜிக்குகள் எல்லாம் தொலைந்த பிறகு, ஆடு கொண்டுவருகிறவர்களிடம் வால் முடி கேட்டு வாங்கி நீயே கட்டவும் ஆரம்பித்திருந்தாய்.

அன்று கிளம்பும்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். "உங்ககிட்ட வர்றவங்களுக்கு நகத்துல பாலிஷ் எங்கேருந்து மொதல்ல உரியும்? நுனியா, அடியா?"

பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எவ்வளவு ஆகும், எவ்வளவு நேரமாகும் என்பதற்கு மேல் யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. பதில் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தெரியும் என்பதே நீ கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"நுனிதாங்க. நகத்து மேல மட்டும் பூசிட்டு, நுனியோட வெளிம்ப மூடாம விட்டா தண்ணி அங்கதான் பூரும்."

நீ அந்த வெறும் ஈயத்தைக் கண்ணருகே கொண்டுபோனாய். "அப்ப நான் மூடாம விட்ட வெளிம்பு எது?" என்று உனக்கு நீயே கேட்டுக்கொண்டாய். புருவம் திருத்தும்போது நான் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். நூல் போகாத இன்னொரு முள்ளை இரண்டு பேருமாகப் பார்த்தோம். நூல் சுற்றி முடிந்து அதன் நுனி வெளியே வந்த இடத்தில், ஈயத்துக்கும் நூலுக்கும் நடுவே மயிரிழை அளவுக்கு ஒரு திறப்பு. அங்கே பூச்சு படவே இல்லை. அன்று உனக்காக, புருவம் திருத்த வந்த மூன்று பெண்களை நான் காக்க வைத்தேன்.

அதற்குப் பிறகு என் ஜன்னல் ஓரம் மாறிப்போனது. எட்டு கண்ணாடி டம்ளர்கள். நாலில் புது ஆற்றுத் தண்ணீர், நாலில் நாகூரிலிருந்து நீ பாட்டிலில் பிடித்து வந்த உப்புத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு முள் தொங்கும், ஒவ்வொரு முள்ளிலும் ஒரு பூச்சு. புருவம் திருத்த வந்த ஓர் அம்மா, "என்ன தீர்த்தம்மா இது?" என்று கேட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டிவிட்டார். நீ அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்து, "அம்மா, அது மீன் குளிச்ச தண்ணி" என்று தடுத்தாய்.

கற்றுக்கொண்டதெல்லாம் தப்பிலிருந்துதான். ஒரே பாட்டில் நகப்பூச்சு, புதிதாகத் திறந்தபோது நூலுக்குள் இறங்கியது. ஒரு மாதம் கழித்துக் கெட்டியானபோது நூலின் மேல் தொப்பி போல் நின்றது. இறங்கியது பத்து நாள் தாங்கியது. தொப்பி மூன்றாம் நாளே முழுசாகக் கழன்று டம்ளரின் அடியில் கிடந்தது. "பளபளனு இருந்துச்சே!" என்று நான் வருத்தப்பட்டபோது, "பளபளப்பு மேல இருக்குறது. பிடிமானம் உள்ள இருக்குறது" என்றாய். நூலை மெழுகில் இழுத்தால் சுற்றுவதற்கு நன்றாக வழுக்கிக்கொடுத்தது, ஆனால் பூச்சு உள்ளே போகவில்லை. அதையும் விட்டோம்.

சூப்பர் க்ளூ போட்ட நாள் நினைவிருக்கிறதா? வழிந்ததைத் துடைக்க, கையருகே இருந்த பஞ்சை எடுத்தேன். பஞ்சு திடீரென்று சுட்டது. புகை வந்தது. கண் எரிய, நான் அலறிக்கொண்டு அதைத் தொட்டியில் எறிந்தேன். கட்டைவிரலில் கொப்புளம். நீ தண்ணீரைத் திறந்து என் கையைப் பிடித்து நீட்டினாய். பிடித்த பிடியை விடாமல், தொட்டியில் கிடந்த பஞ்சையே பார்த்துக்கொண்டு, "ஏய் பார்லர், நெருப்பே இல்லாம எப்படிடி புகையுது?" என்றாய்.

அதுவரை 'வாங்க போங்க' என்றிருந்தோம். அந்த 'டி' எப்போது உள்ளே வந்தது என்று நீயும் கவனிக்கவில்லை. நானும் பதிலுக்கு, "பஞ்சுலதான்டி கோளாறு. பாலியஸ்டர் நூல்ல பூசினப்ப ஒண்ணும் ஆகலையே" என்றேன். என் கொப்புளத்துக்கு மருந்து போட்ட கையோடு நீ வாசலுக்குப் போய், தரையில் ஒரு பஞ்சை வைத்து எட்ட நின்று இன்னொரு சொட்டு விட்டாய். அதுவும் புகைந்தது. பருத்தியில் பட்டால் அந்தப் பசை ஒரே நேரத்தில் முழுசும் இறுகும், இறுகும்போது சூடாகும் என்று பிறகு தேடிப் படித்துச் சொன்னாய். அன்றுமுதல் என் பெயர் உனக்குப் 'பார்லர்'தான்.

அந்தப் பசை நூலுக்குள் நன்றாக இறங்கியது. ஆனால் கல்லில் ஒரு தட்டு தட்டினால் கண்ணாடி போல் உடைந்தது. இரண்டு டியூபைச் சரிபாதி கலக்குகிற பசை உடையவில்லை, ஆனால் காய்கிற வரை வழிந்துகொண்டே இருந்தது. ஒரு பக்கமாகத் தொங்காமலிருக்க முள்ளைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நீ இடது கையில் முள்ளைத் திருப்பிக்கொண்டே வலது கையால் மாத்திரை வெட்டிக் கொடுப்பாய். மாடு வயிறு உப்பிக் கிடக்கிறது என்று பதறி வந்தவர், "அம்மா, அத கொஞ்சம் கீழ வச்சிட்டுக் கேளுங்களேன்" என்று கெஞ்சியதும் நடந்தது.

இவ்வளவு தொல்லையையும் பார்த்துவிட்டுத்தான் நான் ஜெல்லை எடுத்தேன்.

நகத்துக்கு வைக்கும் ஜெல். புற ஊதா விளக்குக்குள் காட்டினால் ஒரு நிமிடத்தில் கல்லாகும். என் கடையில் இருந்ததிலேயே புதிய பொருள் அதுதான். உன் ஜிக் ஒன்றில் தடவி விளக்குக்குள் வைத்து எடுத்துக் கொடுத்தபோது நீ கைதட்டினாய். "ஒரு நிமிசத்துலயா! ஒரு நாள் தொங்கவிட வேண்டாமா!" என்றாய். எனக்கு அன்று ஏற்பட்ட பெருமை, மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்து வாங்கிய எந்தப் பாராட்டிலும் வந்ததில்லை.

இனி எழுதப்போவதைத்தான் இத்தனை நேரம் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

காய்ந்த ஜெல்லின்மேல் மெல்லியதாக ஒரு பிசுபிசுப்பு மிஞ்சும். அதை ஸ்பிரிட் நனைத்த துணியால் எடுக்க வேண்டும். நீ வெறும் விரலால் வழித்து எடுத்தாய். காயாத ஜெல் தோலில் படக் கூடாது என்று தஞ்சாவூரில் பயிற்சி எடுத்தபோதே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சிலருக்கு ஒவ்வாமை வரும், வந்தால் பிறகு போகாது என்றும் சொன்னார்கள். நான் கையுறை போட்டுத்தான் வேலை செய்வேன். உன் விரல்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதல் நாள் சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. இரண்டாம் நாள், இத்தனை பேருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நீ ஜெல்லை விட்டுவிட்டால் என் பக்கத்துக்கு வர உனக்கு என்ன காரணம் இருக்கும் என்று பயந்தேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு தோழி இல்லை.

நாற்பது ஜிக்குகளுக்கு மேல் கட்டினாய். கலங்கல் தண்ணீரில் கருப்புதான் மீன் கண்ணுக்குத் தெரியும் என்று வெள்ளை நூலையும் கருப்புக்கு மாற்றினாய். ஆடி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்தது. ஒரே வாரத்தில் மூன்று விரால்கள் உன் தூண்டிலைக் கவ்வின. மூன்று முறையும் நூல் உருவிக்கொண்டு போனது. "வெளியில கல்லு மாதிரி இருக்கு. எப்படிப் போகுது?" என்று தலையைப் பிடித்துக்கொண்டாய்.

அதே நாட்களில்தான் உன் விரல் நுனிகள் சிவந்தன. பிறகு வெடித்தன. மருந்து டப்பாக்களின் தூசியாக இருக்கும் என்றாய். ரசம் பட்டால் எரிகிறது என்று ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

ரேஷன் கடையில் உனக்குப் பின்னால் நான்காவது ஆளாக நான் நின்றிருந்த அந்தக் காலை. ரேகை வைக்கும் எந்திரத்தில் நீ கட்டைவிரலை வைத்தாய். ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல். ஏற்கவில்லை. துடைத்துத் துடைத்துப் பத்து விரலையும் வைத்துப் பார்த்தாய்.

"ரேகையே விழலம்மா. தோலெல்லாம் உரிஞ்சு கெடக்கே. வீட்டுல வேற யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க" என்றார் அங்கிருந்தவர்.

"வீட்டுல நான் மட்டுந்தாங்க" என்றாய்.

வெறும் பையோடு நீ வெளியே வந்தபோது நானும் வரிசையை விட்டு வந்துவிட்டேன். வேப்ப மரத்தடியில் நிறுத்தி, உன் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெல்லாலதான் இருக்கும் என்றேன். எனக்கு முதலிலிருந்தே தெரியும் என்றேன்.

நீ கொஞ்ச நேரம் உன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு, "நீ கையுறை போட்டுக்கிட்டுத்தானே செஞ்ச?" என்று மட்டும் கேட்டாய்.

"ஆமா."

"என் கைய பாத்துக்கிட்டே போட்டுக்கிட்ட."

நீ நடந்து போய்விட்டாய். மறுநாள் தஞ்சாவூரில் தோல் மருத்துவரிடம் தனியாகப் போனாய் என்று உன் கடையில் வேலை செய்யும் பெண் சொன்னாள். ஜெல்தான் காரணம், இனி அது உயிருள்ளவரை ஒத்துக்கொள்ளாது, பல் அடைக்கும்போதுகூட முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பியிருக்கிறார். ஐந்து வாரம். சுவருக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்கும். இந்தப் பக்கம் டம்ளர்களில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்டு மூன்று முறை உன் கடைப் படியேறினேன். மூன்று முறையும் நீ எழுந்து உள்ளே போனாய். உன் கோபம் நியாயமானது என்பதால் எனக்கு எங்கேயும் சாய்ந்துகொள்ள இடமில்லை. செய்வதற்கு வேறு எதுவும் தெரியாமல், நூல் உருவிப்போய்த் திரும்பிவந்த உன் ஜிக்குகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதன் தலைப்பக்கம் கொஞ்சம் பூச்சும் நூலும் மிஞ்சியிருந்தன. கையுறை போட்டுக்கொண்டு, புது பிளேடால் அதை நெடுக்கில் பிளந்தேன்.

வெளியே கல். உள்ளே ஈரம்.

அடி நூலில் ஜெல் அப்படியே நீராக இருந்தது. காகிதத்தில் ஒற்றினால் கறை படிந்தது. எத்தனை வாரமாகியும் காயவில்லை. இன்னொன்றைப் பிளந்தேன். அதுவும் அப்படியே. ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜெல்லைக் காயவைப்பது காற்றல்ல, வெளிச்சம். கருப்பு நூல் வெளிச்சத்தைக் குடித்துவிடுகிறது. முதல் சுற்றைத் தாண்டி உள்ளே போக விடவில்லை. உன் மீன்கள் போனதும் அதனால். ஜிக்கைத் தூண்டில் கயிற்றில் கட்டும்போது பல்லால் கயிற்றைக் கடித்து, ஜிக்கை விரலால் அழுத்திப் பிடிக்கும் உனக்கு, உள்ளேயிருந்த ஈரம் ஒவ்வொரு முறையும் கசிந்து தோலில் பட்டதும் அதனால்.

பிளந்த இரண்டையும் ஒரு கண்ணாடிச் சில்லில் வைத்து எடுத்துக்கொண்டு உன் கடைக்கு வந்தேன். நீ எழுந்திருக்கப் போனாய். நான் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "உள்ள காயவே இல்ல. நூலு கருப்பு. வெளிச்சம் போகல" என்று சொல்லி, சில்லையும் பூதக்கண்ணாடியையும் மேசைமேல் வைத்துவிட்டு, "தொடாத. பாரு மட்டும்" என்றேன்.

நீ நின்றபடியே இருந்தாய். ஒரு ஈ வந்து சில்லின் ஓரத்தில் உட்கார்ந்து எழுந்து போனது. பிறகு நீ குனிந்தாய். நெடுநேரம் பார்த்தாய்.

"வெள்ளை நூல்ல அறுத்துப் பாத்தியா?"

ஐந்து வாரம் கழித்து நீ என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "இல்ல" என்று தலையாட்டினேன்.

"பாக்காம எப்படிச் சொல்லுவ? போ, போயி அறுத்துட்டு வா."

வெள்ளை நூல் கட்டியதை அறுத்துக்கொண்டு வந்தேன். உள்வரை கல்லாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தாய். "கோவம் போகலடி. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாய். அது பாட்டுக்குக் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு எப்போது போனது என்று நான் கேட்டதுமில்லை.

அதிலிருந்து நமக்குள் ஒரு பங்கீடு. நீ கட்டுவாய். ஈரமான எதுவும் உன் கைக்கு வராது. பூசுவது என் வேலை, கையுறையோடு. ஜெல்லை விட்டுவிட்டோம். தின்னர் விட்டு நீர்க்கச் செய்த நிறமில்லா நகப்பூச்சை ஊசி முனையால் எடுத்து, நூலின் விளிம்பில் முதலில், பிறகு சுற்றிலும் விடுவேன். நூல் அதை இழுத்துக்கொண்டு நிறம் மாறுவதை நீ எட்ட நின்று பார்ப்பாய். ஒரு நாள் காய விட்டு இன்னொரு முறை. அதற்கும் மறுநாள் இரண்டு டியூப் பசையில் மெல்லியதாக ஒரு மேல்பூச்சு. மூன்று நாள் தொடக் கூடாது. பொறுமையே இல்லாத நீ அந்த மூன்று நாளும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவாய்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ் பிடித்து மன்னார்குடி, திருவாரூர் என்று மாறி மாறி நாகூர் போய்ச் சேர்ந்தோம். வெட்டாறு கடலில் சேரும் இடத்தில், கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏற ஆரம்பித்திருந்தது. நீ பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு கம்பை வீசினாய். நான் குடையைப் பிடித்துக்கொண்டு கல்மேல் உட்கார்ந்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர், இரண்டு பெண்கள் இங்கே என்ன செய்கிறார்கள் என்று வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு கம்பு குனிந்தது. ரீல் கத்தியது. நீ கத்தவில்லை. மீன், தோணி கட்டியிருந்த கம்பங்களுக்குள் ஓடியது. கயிறு கம்பத்தில் உரசுவது எனக்கே கேட்டது. "போச்சு, போச்சு" என்று நான்தான் முனகினேன். நீ முழங்கால் தண்ணீரில் இறங்கி, கம்பைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுத்து, விட்டுப் பிடித்து, எவ்வளவு நேரமென்று தெரியவில்லை, அதைக் கரைக்குக் கொண்டுவந்தாய். கொடுவா. என் கை நீளம் இருக்கும். வெயிலில் வெள்ளித் தாம்பாளம் மாதிரி மின்னியது.

பெரியவர் ஓடிவந்து செவுளைப் பிடித்துத் தூக்கினார். நீ மீனைப் பார்க்கவே இல்லை. அதன் வாயிலிருந்து ஜிக்கைக் கழற்றி, கண்ணருகே வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் வந்து குனிந்தேன். நம் இரண்டு தலையும் முட்டிக்கொண்டன.

"முடி பாதி போயிருச்சு."

"மேல ஒரு கீறல் விழுந்திருக்கு பாரு."

"நூலு?"

"ஒரு சுத்துகூட நகரல!"

பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, இம்மாம் பெரிய மீனு கையில கெடக்கு. அத பாக்காம என்னத்தம்மா அதுல பாக்குறீங்க?"

நீ சிரித்த சிரிப்பில் கம்பு கைநழுவித் தண்ணீரில் விழுந்தது. மீனை அவரிடமே கொடுத்துவிட்டாய். பஸ்ஸில் திரும்பும்போது, கீறல் ஏன் மேலே மட்டும் விழுந்தது, பசையை இன்னும் மெல்லியதாக விட்டிருந்தால் வளைந்துகொடுத்திருக்குமோ என்று திருவாரூர் வரை பேசிக்கொண்டு வந்தோம். அங்கே பஸ் மாறியதும் நீ என் தோளில் தூங்கிப்போனாய்.

அதற்கு மறுவருடம் தை மாதம். அறுவடை எந்திரங்கள் கடைத்தெருவில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த ஒரு முற்பகல். தலை வலிக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தாய். நான் தேநீர் வாங்கிக்கொண்டு வருவதற்குள் உன் பேச்சு குழறிவிட்டது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. உன் கணவர் விமானம் பிடித்து வந்து சேரும்வரை உன் பக்கத்தில் நான்தான் இருந்தேன். உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது விரல் நுனிகளைப் பார்த்தேன். தோல் நன்றாக வளர்ந்திருந்தது. ரேகைகள் எல்லாம் திரும்பியிருந்தன, ஒன்றுகூட விடாமல். அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

உன் தூண்டில் கம்பை உன் கணவர் எடுத்துப்போனார். கட்டுவதற்கு எனக்குக் கை வரவில்லை, முயன்று பார்த்துவிட்டேன். மீன் பிடிக்கிற ஆசையும் உன்னோடு வந்ததுதான், உன்னோடு போய்விட்டது.

ஜெல் வேலையை நிறுத்திவிடலாமா என்றும் யோசித்தேன். நிறுத்தவில்லை. ஆனால் புட்டியைத் திறப்பதற்கு முன்னால் எதிரே உட்காருகிறவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாதிப்பேர் எழுந்து வேறு பார்லருக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும் என்று இருக்கப் பழகிக்கொண்டேன்.

போன வாரம் மன்னார்குடியிலிருந்து ஒரு பெண், நிச்சயதார்த்தத்துக்காகத் தன் அம்மாவோடு வந்தாள். வழக்கம்போல் சொன்னேன். தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும், வந்தால் போகாது, எனக்குத் தெரிந்த ஒருவருக்கு என்னால் வந்தது என்றேன்.

அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கியது. "நல்ல நாளும் அதுவுமா எதுக்குங்க இதெல்லாம்? மத்த எடத்துல யாரும் இப்படிச் சொல்றதில்லையே. வாடி போவோம்" என்று எழுந்தார்.

பெண்ணும் எழுந்தாள். கதவு வரை போனவள் நின்று திரும்பினாள். "ஏங்க, நகத்துக்குப் பக்கத்துலயே தோல் இருக்கே. தோல்ல படாம நகத்துல மட்டும் எப்படி வைப்பீங்க? உள்ள காஞ்சிருச்சான்னு எப்படித் தெரியும்?"

அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"உக்காரும்மா, காட்டுறேன்" என்றேன். விளக்கைப் பக்கத்தில் இழுத்தேன். அம்மாவுக்கும் ஒரு நாற்காலி போட்டேன். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரியாத இடம் வந்தபோது, தெரியாது என்றும் சொன்னேன்.